ஏரிக்கு மேல் ஒரு பார்க்கிங்

சென்னையில் ‘கராஜ்’ என்றால் மெக்கானிக் கடை. வண்டி ரிப்பேராகி நிற்கிற இடம். வீட்டில் கார் நிறுத்துகிற இடத்துக்கு நம்மிடம் வேறு பெயர்கள் உண்டு. வாசலில் தூண் வைத்துக் கூரை போட்டிருந்தால் போர்டிகோ. பழைய பங்களாவின் பக்கவாட்டில் தனியாக, கதவோடு இருந்தால் ஷெட். அபார்ட்மென்ட் என்றால் பார்க்கிங். மூன்றும் மூன்று காலத்துச் சொற்கள். மூன்றிலும் தரை வேறு வேறு.

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ ஏதாவது ஓர் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போய்ப் பாருங்கள். லிஃப்ட், தண்ணி லாரி, மோட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "பார்க்கிங் தரை ரொம்ப அசிங்கமா இருக்கு சார். எப்பாக்ஸி அடிச்சிடலாமா?" கையில் செல்போன். அதில் அமெரிக்காவின் ஏதோ ஒரு வீட்டுக் கராஜ், கண்ணாடி மாதிரி மின்னும் சாம்பல் நிறத் தரையோடு. கேள்வி பெயிண்ட் பற்றியதாகத்தான் தெரியும். எனக்கு அது தண்ணீரைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது. இந்த ஊர் இருநூறு வருடங்களுக்கு மேலாக அதற்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது.

முதல் பதில் சுண்ணாம்பு. இங்கிலீஷ்காரர்கள் ‘சுனாம்’ என்று தங்கள் அகராதியிலேயே சேர்த்துக்கொண்ட சொல். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மெட்ராஸுக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் பலர் இங்குள்ள தோட்ட வீடுகளின் தூண்களைப் பார்த்து, இது பளிங்கா, பூச்சா என்று வியந்து எழுதினார்கள். அது பூச்சுதான். கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, பொடி மணல், வெல்லத் தண்ணீர். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய். காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல்தளத்தில்கூட மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கினார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

சுண்ணாம்பு இறுகுகிற விதம் முக்கியமானது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெதுவாக மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. அப்படி ஆன பிறகும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். கீழே இருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடும். சுவர் ஓதம் காக்கும், உப்புப் பூக்கும், வருடா வருடம் வெள்ளையடிப்பார்கள். அதாவது, தண்ணீர் உள்ளே வராது என்று அந்தக் கட்டடம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வந்தால் வெளியே போக வழி வைத்திருந்தது.

அடுத்தது சிமென்ட். ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் இங்கிலாந்தின் லீட்ஸில் 1824இல் ‘போர்ட்லேண்ட் சிமென்ட்’ என்ற பெயரில் காப்புரிமை எடுத்தார். இந்தியாவில் அதைச் செய்து பார்த்த முதல் முயற்சி நம்ம ஊரில்தான் நடந்தது: 1904, சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் கம்பெனி. அங்கேயும் மூலப்பொருள் கடற்சிப்பிச் சுண்ணாம்புதான். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. பிறகு தமிழ்நாட்டில் டால்மியாபுரம், 1949இல் தாழையூத்து என்று ஆலைகள் வந்தன. அதற்குள் சிமென்ட் தரை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

அந்தத் தரையைப் பலருக்குத் தாத்தா வீட்டு ஞாபகமாகத் தெரிந்திருக்கும். காவி போட்ட தரை. சிமென்ட்டோடு ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து, ஈரம் இருக்கும்போதே கரண்டியால் இழைத்து இழைத்துப் பளபளப்பேற்றுவார்கள். ஓரத்தில் கறுப்பு பார்டர். சில நாள் தண்ணீர் கட்டி வைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். ரெட் ஆக்சைடு என்பது வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்சைடு; துருவின் நெருங்கிய சொந்தம். ஏற்கெனவே துருப்பிடித்த பொருளை வெயிலால் என்ன செய்ய முடியும்? அதனால் அது வெளுக்காது. அதைவிட முக்கியமாக, நிறம் தரையின் மேல் ஒட்டியிருக்கவில்லை. தரையின் மேல்பகுதியே அந்த நிறம். உரிந்து வர அங்கே படலம் எதுவும் கிடையாது.

இதை ரொம்பவும் உருகிப் பேசிவிடக் கூடாது. அந்தப் பளபளப்பு சும்மா வரவில்லை. தரை இறுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கொத்தனாரும் சித்தாளும் இரவெல்லாம் முட்டி போட்டுத் தேய்த்தார்கள். ஈர சிமென்ட்டின் காரம் விரல் முட்டிகளை அரித்துவிடும். பிறகு தினமும் துடைத்துத் துடைத்து அதைக் கண்ணாடியாக்கியது அந்த வீட்டுப் பெண்களும் வேலைக்கு வந்த பெண்களும். விரிசல் விட்டால் அதே நிறத்தில் ஒட்டுப்போடவும் முடியாது. மொசைக்கும், பிறகு டைல்ஸும் வந்தபோது மக்கள் ஏன் தாவினார்கள் என்பதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

காருக்கு அன்றைக்கு இந்த மரியாதையெல்லாம் கிடைக்கவில்லை. போர்டிகோவில் சொரசொரப்பான சிமென்ட், அல்லது கடப்பா கல். ஷெட்டில் பல நேரம் வெறும் மண். அம்பாசடரும் ஃபியட்டும் ஆயில் ஒழுக்காமல் நின்றால்தான் ஆச்சரியம். கீழே ஒரு தட்டு வைப்பார்கள், இல்லையென்றால் மரத்தூள் போட்டுக் கூட்டுவார்கள். தரை அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இனி தி.நகருக்கு வரலாம். அந்த இடம் ஒரு ஏரி. உருவகமாகச் சொல்லவில்லை. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து வளைந்து கிடந்த நீர்ப்பரப்பை ‘லாங் டேங்க்’ என்று அழைத்தார்கள். அதில் படகுப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், அதன் ஒரு பகுதியை வற்றவைத்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைப் போட்டார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பெயரால் அது தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று தெருப்பெயர்கள் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஏரிதான் இல்லை. வற்றவைத்தது மேலே தெரிந்த தண்ணீரை. களிமண் அங்கேயேதான் இருக்கிறது, மழைக்காலத்தில் அது பழையதை மறப்பதில்லை.

அந்தத் திட்டத்தில் கட்டிய தோட்டம் வைத்த வீடுகள் 1980களிலிருந்து ஒவ்வொன்றாக இடிந்து அபார்ட்மென்ட்டுகள் ஆயின. காருக்கு இடம் விட வேண்டும் என்றது விதி. தூண்களின் மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தினால் அடியில் உள்ள பார்க்கிங் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. அதனால் ‘ஸ்டில்ட்’ வந்தது. பல இடங்களில் இந்தத் தளத்தின் தரை என்பது, இடித்த வீட்டின் கப்பியையும் மண்ணையும் கொட்டி நிரப்பி, மேலே நான்கைந்து அங்குலம் கான்கிரீட் போட்டது, அவ்வளவுதான். அடியில் ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது அரிது. விற்கப்போவது மேலே இருக்கிற ஃபிளாட்டைத்தானே?

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இந்த ஊர் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. அதனால் உறைகிணறும் இதே பார்க்கிங் தரைக்குள் வந்தது. பக்கத்திலேயே சம்ப். ஆக, கார் நிற்கும் தரைக்குச் சில அடி கீழே நாமே மெனக்கெட்டுத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தரையின் மேல்தான் இப்போது ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டலாமா என்று கேட்கிறோம்.

எப்பாக்ஸியின் பிறப்பு 1930களில். ஸ்விட்சர்லாந்தில் பியர் காஸ்தான் பல் செட் செய்வதற்கு ஏற்ற பிசின் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்தது பல்லுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சீபா கம்பெனி அதை 1946இல் ‘அரால்டைட்’ பசையாகக் கொண்டுவந்தது. கொஞ்ச நாளில் தொழிற்சாலைத் தரைகளுக்குப் போனது. அங்கிருந்து அமெரிக்க வீட்டுக் கராஜுக்கு. நான்கு பக்கமும் சுவர், ஷட்டர் கதவு, இரண்டு கார். அந்த அறைக்கு அது பொருந்தும்.

வேதியியலாகப் பார்த்தால் எப்பாக்ஸி கெட்டிக்காரப் பொருள். சாதா எனாமல் பெயிண்ட்டை கான்கிரீட்டில் அடித்தால், ஈரத்தோடு ஏறி வரும் காரம் பெயிண்ட்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். உண்மையிலேயே சோப்பு, அடுப்படியில் சோப்புக் காய்ச்சும் அதே வினை. எப்பாக்ஸி அந்தக் காரத்துக்கு அசையாது. ஆயிலுக்கும் அசையாது. ஆனால் அது மூச்சு விடாது. கீழிருந்து ஆவி தள்ளத் தள்ள ஓர் இடத்தில் கொப்புளம் கிளம்பும். ஓடி வந்த டயரின் சூடு அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். அப்புறம் அப்பளம் மாதிரி உரிந்து வரும், சில சமயம் கான்கிரீட்டின் மேல்தோலையும் சேர்த்து. காம்பவுண்டு ஓரமாக வெயில் படும் இடம் மஞ்சளாகும். காற்றில் ஈரப்பதம் கூடிய நாளில் அடித்தால் மேலே பிசுபிசுப்பான படிவு வரும். மழையில் நனைந்த செருப்போடு நடந்தால் வழுக்கும்.

இந்தக் கடைசி விஷயம் சென்னையில் சின்னதல்ல. ஏனென்றால் நம் பார்க்கிங்கில் கார் மட்டும் இருப்பதில்லை. வாட்ச்மேன் அங்கேதான் பாய் போட்டுப் படுக்கிறார். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்துவார். சுதந்திர தினத்துக்கு அங்கேதான் மிட்டாய், பொங்கலுக்கு அங்கேதான் பானை. மேல் மாடியில் ஒருவர் இறந்துபோனால் உடலைக் கீழே இறக்கி, கார்களை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் தரையில்தான் கிடத்துகிறோம். தண்ணீர் ஊற்றி, பூப்போட்டு, அங்கிருந்துதான் வழியனுப்புகிறோம். பழைய மயிலாப்பூர் வீட்டில் திண்ணையும் ரேழியும் முற்றமும் செய்த வேலையெல்லாம் இப்போது இந்த ஒரு தரையின் தலையில். அங்கே எழுபது வயதுக்காரர் ஈரக்காலோடு நடப்பார் என்பதை பெயிண்ட் கேட்லாக் சொல்லாது.

சரி, என்னதான் செய்யலாம்? முதலில் ஒரு சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ராத்திரி முழுக்க, குறைந்தது 16 மணி நேரம், விட்டுவிடுங்கள். காலையில் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால், அல்லது கான்கிரீட் கறுத்திருந்தால், ஈரம் பூமியிலிருந்து வருகிறது. ஷீட்டின் மேலே மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் வேர்வை. மழை முடிந்த கையோடு ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்து பாருங்கள். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது, ஏரியை வற்றிய பிறகு அளப்பது மாதிரி.

இரண்டு முறையும் காய்ந்திருந்தால் எப்பாக்ஸி தாராளமாக அடிக்கலாம். மேல்தோலை மெஷினால் தேய்த்து எடுத்து, பிரைமர் போட்டு, குவார்ட்ஸ் மணல் தூவிச் சொரசொரப்பாக்கி, வெயில் படும் ஓரத்தில் மேலே பாலியூரித்தேன் கொடுத்து. பங்குனி, சித்திரை அதற்கான மாதங்கள்.

ஈரம் இருந்தால் எந்தப் படலமும் வேண்டாம், விலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் போடலாம்; இணைப்புகள் வழியே ஆவி போக வழி இருக்கும். மணல் மேல் பேவர் பிளாக் போடலாம். மழைநீர் இறங்கவும் செய்யும். கான்கிரீட் நன்றாக இருந்து, புழுதி மட்டும்தான் பிரச்சினை என்றால், சிலிகேட் டென்சிஃபையர் என்ற திரவம் கிடைக்கிறது. சிமென்ட் இறுகும்போது மிச்சமாகிற சுண்ணாம்போடு அது வினைபுரிந்து, துளைகளுக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். மேலே படலம் இருக்காது, ஆவி போகிற வழியும் முழுதாக அடைபடாது. பளபளப்பு கொஞ்சம்தான் வரும். சிப்பிச் சுண்ணாம்பைக் காற்றைக் கொண்டு கல்லாக்கிய ஊருக்கு இது புதிய யோசனை ஒன்றுமில்லை.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், தண்ணீர் முதலில் நிறைந்தது இந்தத் தளத்தைத்தான். அந்த நாட்களில் எந்தக் கோட்டிங்கும் காரைக் காப்பாற்றவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு தரை எவ்வளவு சீக்கிரம் காய்ந்தது என்பதுதான் வித்தியாசமாக இருந்திருக்கும்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் கொட்டேஷன்களைப் பிரிப்பதற்கு முன்னால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் எந்த இடத்தில் பாய் நனைகிறது என்று கேளுங்கள். தூணுக்குத் தூண் சொல்வார்.