மலைக்குப் படகு எப்படிப் போகும்? வாளையாறு, போடிமெட்டு வழியாக இழுக்கும் முன் டிரெய்லர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேரளத்தின் 14 மாவட்டங்களில் 9-க்குக் கடற்கரை உண்டு. பாலக்காடும் இடுக்கியும் மீதி 5-இல் வருபவை. அதனால் மலம்புழாவிலோ மாட்டுப்பட்டியிலோ நீங்கள் பார்க்கும் படகுகள், குறைந்தபட்சம் அவற்றின் இன்ஜின்கள், ஒருநாள் ரோட்டில் வந்தவைதான்.

இது டூரிஸ்ட் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளம் ஞாபகம் இருக்கும். செறுதோணி அணையின் ஷட்டர்கள் 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தன, பாலக்காட்டில் கல்பாத்தி ஆறு ஊருக்குள் வந்தது. அப்போது கொல்லம், ஆலப்புழா மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் போனார்கள். மாநில அரசு சொன்ன கணக்கு: 669 படகுகள், சுமார் 65,000 பேர் மீட்பு. டிரெய்லருக்கெல்லாம் அங்கே நேரம் இல்லை. கையாலேயே தூக்கி ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஆனால் சமவெளியில் லாரி போகிற மாதிரி, மலையில் 7 மீட்டர் படகு போகுமா?

முதலில் எடை. படகு விற்பவர் சொல்வது பெரும்பாலும் வெறும் படகின் எடைதான், அதை வைத்து டிரெய்லர் வாங்காதீங்க. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 7 மீட்டர் ஃபைபர் படகு 1,100 கிலோ. இரண்டு அவுட்போர்டு இன்ஜின் சேர்த்து 350. 200 லிட்டர் பெட்ரோல் 150 கிலோ (லிட்டருக்கு முக்கால் கிலோதான், தண்ணீர் மாதிரி ஒரு கிலோ இல்லை). பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் 100. மொத்தம் 1,700 கிலோ. இது டிரெய்லர் தாங்கும் சுமையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். அப்படியென்றால் 2,000 கிலோ தாங்கும் டிரெய்லர் வேண்டும். அதன் சொந்த எடை 500 என்று வைத்தால், உங்கள் வண்டி இழுக்கப்போவது 2,200 கிலோ.

அந்த 2,200-இல் 5 முதல் 10 சதவீதம், அதாவது 110 முதல் 220 கிலோ, வண்டியின் கொக்கி மேல் அழுத்த வேண்டும். இது குறைந்தால் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பிக்கும். இன்ஜின் படகின் பின்பக்கம் இருப்பதால் எடை இயல்பாகவே பின்னால் போகும். படகை முன்னே தள்ளி வைப்பதும் ஆக்சிலின் இடத்தை மாற்றுவதும்தான் வழி.

இப்போது பிரேக். மலையில் உண்மையான ஆபத்து இங்கேதான்.

போடிமெட்டிலிருந்து போடி வரை 17 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,000 மீட்டர் இறக்கம். 2,200 கிலோவை அந்த உயரத்திலிருந்து இறக்கினால் வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். (இதை நான் மூன்று தடவை கால்குலேட்டரில் போட்டேன், நம்பவில்லை.) அதில் ஒரு பகுதியைக் கியரும் காற்றும் தின்னும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும்.

படகு டிரெய்லர்களில் அதிகம் இருப்பது, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக். சமவெளிக்கு அருமை. இறக்கத்தில் அது தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடாகிப் பிடிப்பு போய்விடும். வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பூட்டிக்கொள்ளும், அதற்கான விடுவிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். டிரைவரே கட்டுப்படுத்தும் எலெக்ட்ரிக் பிரேக் இறக்கத்துக்கு மேல், ஆனால் தண்ணீரில் முக்கி எடுத்தால் பராமரிப்பு அதிகம். எது இருந்தாலும் லோ கியர்தான். பாதியில் நிறுத்தி ஆற விடுவதில் வெட்கம் வேண்டாம்.

இந்த எடைக்கு இரட்டை ஆக்சில் நல்லது. குறுகிய வளைவில் டயர் உரசித் தேயும்தான். ஆனால் ஒரு டயர் வெடித்தால் பக்கத்து டயர் பிடித்துக்கொள்ளும்.

படகு உட்காரும் இடத்தில் கம்பளம் சுற்றிய நீளப் பலகையா, உருளைகளா? வேகப் படகுக்குப் பலகைதான், எடையை அடிப்பகுதி முழுக்கப் பரப்பும். உருளை என்றால் சில புள்ளிகளில் அழுத்தும். ஆனால் பலகையிலிருந்து படகை மிதக்கவிட டிரெய்லரை நல்ல ஆழத்துக்கு இறக்க வேண்டும். இடுக்கி அணையின் முழு மட்டம் 2,403 அடி. கோடையில் அது பல பத்து அடி இறங்கிவிடும். சாய்தளம் சேற்றில் முடிந்தால் எந்த டிரெய்லரும் உதவாது. அங்கே கிரேன்தான். ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கவும் கூடாது. பேரிங் திடீரென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும்.

பாதையும் பாருங்கள். நம் மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 8.5 அடி அகலப் படகு நூலிழையில் தப்பும். பாலக்காட்டுக்குச் சிக்கல் குறைவு: வாளையாறு கணவாய் தாழ்வானது, கொச்சியிலிருந்து வந்தால் குதிரான் சுரங்கப்பாதை இருக்கிறது. இடுக்கிக்குக் கொச்சியிலிருந்து வரும் வழியில் 1935-இல் திறந்த குறுகலான நேரியமங்கலம் பாலம். போடி வழியில் அந்த 17 வளைவுகள்.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவுப்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். லேத் பட்டறையில் வெல்டிங் அடித்து எண் இல்லாமல் இழுத்துப் போகிறவர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பதில்லை.

சரி, வாங்கலாமா? வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் படகு மலையேறும் என்றால் என் கருத்து: வேண்டாம். தாழ்தள லாரியும் இரண்டு முனையிலும் கிரேனும் வாடகைக்கு எடுங்கள். லாரியின் பிரேக்கும் மலைப்பாதை ஓட்டிப் பழகிய டிரைவரும் அந்த வாடகையிலேயே அடக்கம். மாதம் இரண்டு முறை வெவ்வேறு அணைக்குப் போகிறவர் என்றால் டிரெய்லர் சரி. வாங்கியதும் பெட்ரோல், சாமான் எல்லாம் ஏற்றி, பக்கத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.