இல்லம் கொணர்தலும் திருமண உடன்படிக்கையும்
சி. எஸ். லூயிஸ் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி

திருமண வழிபாட்டில் மணமக்கள் எடுக்கும் வாக்குறுதியில் நோயுற்ற நாட்களும் இடம்பெறுகின்றன. மணநாளின் மகிழ்ச்சியில் அப்பகுதியை ஊன்றிக் கேட்போர் சிலரே. ஆனால், நோய்ப்படுக்கையின் அருகிலேயே அவ்வாக்குறுதி எடுக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் உண்டு. அதனை எடுத்தவர் இலக்கியப் பேராசிரியரும் கிறிஸ்தவ எழுத்தாளருமான சி. எஸ். லூயிஸ் (1898–1963) ஆவார். இதனைக் காதல் கதையாக எழுதியோர் பலர். நோயுற்ற மனைவியை மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்குக் கொணர்ந்த செயல் அதில் பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாய் டேவிட்மன் 1915இல் நியூயார்க் நகரில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், கவிஞர், இளமையில் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்திருந்து, பின்னர்க் கிறிஸ்துவை ஏற்றவர். எழுத்தாளர் வில்லியம் கிரெஷமிடமிருந்து 1954இல் மணமுறிவு பெற்று, இரு புதல்வருடன் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அந்நாட்டில் அவர் தொடர்ந்து தங்க இசைவு கிடைக்காதபோது, அவருக்கு உதவும் பொருட்டு லூயிஸ் 1956 ஏப்ரல் 23 அன்று ஆக்ஸ்போர்டுப் பதிவு அலுவலகத்தில் அவரை மணந்தார். சட்டத்தின்படி அது திருமணம்; ஆயினும் லூயிஸ் அதனை ஓர் உதவியாகவே கருதினார். இருவரும் தனித்தனி இல்லங்களிலேயே வாழ்ந்தனர்.

1956 அக்டோபரில் ஜாய் தம் வீட்டில் விழுந்தார், தொடையெலும்பு முறிந்தது. மார்பகத்தில் தோன்றிய புற்றுநோய் எலும்புகளிலும் பரவிவிட்டதை மருத்துவர்கள் கண்டனர். அறுவை மருத்துவமும் கதிர்வீச்சு மருத்துவமும் அளிக்கப்பட்டன. 1957இன் தொடக்கத்தில் அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கை எவருக்கும் இல்லை. இனி அவர் எங்கே இருப்பது? ஆக்ஸ்போர்டின் புறத்தே, ‘கில்ன்ஸ்’ என்னும் தம் இல்லத்திற்கே அவரைக் கொணர லூயிஸ் விரும்பினார். ஆனால், திருச்சபையின் ஆசி பெறாமல் ஒரே கூரையின்கீழ் வாழ அவர் மனச்சான்று இடந்தரவில்லை. ஆகவே இல்லம் கொணர்தலும் திருமணமும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

மணமுறிவு பெற்றவருக்கு, முன்னாள் துணைவர் உயிரோடிருக்கையில், மறுமணம் செய்வித்தலை அக்காலத்து இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. கிரெஷமுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்ததால், ஜாயுடன் அவர் செய்த மணம் திருச்சபையின் பார்வையில் மணமே அன்று என லூயிஸ் வாதிட்டார். ஆக்ஸ்போர்டுப் பேராயர் ஹாரி கார்ப்பென்டர் அதனை ஏற்கவில்லை. பேராயரை இரக்கமற்றவர் எனத் தீர்த்துவிடுதல் எளிது. ஆனால், பெயர் பெற்ற ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால், அதே விதியால் வருந்திய எளிய மக்களுக்கு அவர் என்ன விடை கூற இயலும்? அந்தக் கேள்வியையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்நிலையில், லூயிஸின் முன்னாள் மாணவரான பீட்டர் பைட் என்னும் குருவானவர், நோயுற்றவர்மேல் கைவைத்து மன்றாடும்படி அழைக்கப்பட்டார். வந்தபோது, திருமணம் நடத்தித்தருமாறும் வேண்டப்பட்டார். அவர் ஆக்ஸ்போர்டுப் பேராயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அங்குத் திருமணம் நடத்த அவருக்கு உரிமையில்லை. சிந்தித்தபின் இசைந்தார். 1957 மார்ச் 21 அன்று, லூயிஸின் அண்ணன் வாரனும் செவிலியர் ஒருவரும் சாட்சிகளாக நிற்க, படுக்கையருகே திருமணமும் நற்கருணையும் நடைபெற்றன.

அடுத்த மாதமே ஜாய் கில்ன்ஸ் இல்லத்திற்குக் கொணரப்பட்டார். மருத்துவமனை செய்யக்கூடியது இனி எதுவுமில்லை என்பதே அன்றைய நிலை. எழ இயலாத மனைவியை, அவர் இறக்கும்வரை உடனிருக்கவே லூயிஸ் ஏற்றார். நலம் பெறுவார் என்ற எதிர்பார்ப்பினால் இல்லம் திறக்கப்படவில்லை என்பதை நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

ஆயினும் அவர் தேறினார். எலும்புகள் கூடின, ஆண்டின் இறுதிக்குள் ஊன்றுகோலுடன் நடந்தார், நெடுநாள் பேணப்படாதிருந்த வீட்டைப் பழுதுபார்க்கச் செய்தார், 1958இல் இருவரும் அயர்லாந்து சென்றுவந்தனர். அதே காலத்தில் லூயிஸின் எலும்புகள் வலுவிழந்து அவர் கடும் வலியுற்றார். மனைவியின் சுமையைத் தாம் ஏற்றதாக எண்ண அவருக்கு ஆவல் இருந்தது. எனினும் அதனைக் கோட்பாடாக்க அவர் துணியவில்லை. 1959 அக்டோபரில் நோய் திரும்பியது. 1960 ஏப்ரலில் கிரேக்க நாட்டைக் கண்டுவந்தபின், ஜூலை 13 அன்று ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றில் ஜாய் மறைந்தார். இல்லம் அவருக்கு அளித்தது மூன்று ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகும்.

துன்பத்தைப் பற்றி லூயிஸ் 1940இல் வெளியிட்ட நூல் தெளிவான வாதங்களால் ஆனது. மனைவியின் மறைவுக்குப்பின் 1961இல் புனைபெயரில் வெளியிட்ட நூலோ கேள்விகளாலும் முறையீடுகளாலும் நிறைந்தது. அவ்விரு நூல்களுக்கும் இடையே கில்ன்ஸ் இல்லத்தின் நோயறை இருக்கிறது. முதல் நூல் பொய்யாயிற்று என நான் கருதவில்லை. வாதம் சென்றடையாத இடமும் உண்டு என அவர் அங்குக் கற்றார் எனலாம்.

ஜாய் தேறியதை மட்டும் எடுத்து, விசுவாசத்திற்குக் கிடைத்த பரிசாகப் போதித்தல் நமக்கு எளிது. அவ்வாறு போதிப்போமாயின், இல்லம் கொணர்ந்த சில நாட்களிலேயே துணையை இழந்தோர், தம் விசுவாசம் குறைவுபட்டது என்றே எண்ணி வருந்துவர். மருத்துவர்கள் “வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று கூறும் நாளில் நம் சபையார் பலர் கைவிடப்பட்டதாகவே உணர்கின்றனர். மருத்துவமனையில் திரளாக வந்து பார்த்தவர்களும் அதன்பின் குறைந்துவிடுகின்றனர். இரவில் மாறி மாறி விழித்திருக்கவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும், படுக்கையருகே நற்கருணை கொண்டுசெல்லவும் ஆட்கள் வேண்டியது அந்நாளிலேதான். சபை ஆயர் தம் நாட்குறிப்பில் முதலில் எழுதவேண்டிய வீடு அது.