தொலைக்காட்சிக்கு ஒரு துணைப்பெட்டி

தமிழகத்துக்கு வெளியே குடியேறிய தமிழர், தம் மொழியை வீட்டுக்குள் வரவழைக்கப் பட்ட பாடு ஒரு தனிச் சரித்திரம். 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பிராந்திய மொழிப் படங்களை முறைவைத்துக் காட்டி வந்தது. தமிழின் முறை எப்போது வரும் என்று தில்லியிலும் பம்பாயிலும் காத்திருந்த குடும்பங்கள் பல. 1993 ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரும், பேட்டையின் கேபிள்காரர் மனம் வைத்தாலன்றித் தமிழ் வராது. இணையத்தின் வழியே படம் கொணரும் சிறு பெட்டி அக்கவலையைத் தீர்த்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். அப்பெட்டியின் வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது.

அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தபாலில் படத்தட்டுகளை வாடகைக்கு அனுப்பி வந்தது. 2007-இல் இணையத்தின் வழியே கணிப்பொறிக்குப் படம் அனுப்பத் தொடங்கிற்று. அதையே தொலைக்காட்சியில் காண்பதற்கென ஒரு பெட்டியும் அந்நிறுவனத்துக்குள் உருவாயிற்று. அப்பணியை நடத்தியவர் ஆண்டனி உட். பெட்டி வெளிவரும் தறுவாயில் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தயங்கினார். தாமே பெட்டி விற்கப் புகுந்தால், மற்றத் தயாரிப்பாளர்கள் தம் படங்களுக்கு இடந்தருவார்களா என்பது அவருடைய ஐயம். ஆகவே பெட்டியை உட்டின் ரோகு நிறுவனத்திடமே விட்டுவிட்டார். (ஜப்பானிய மொழியில் ரோகு என்றால் ஆறு, உட் தொடங்கிய ஆறாவது நிறுவனமாதலின் அப்பெயர்!) 2008 மே மாதம் சுமார் 100 டாலர் விலையில் வெளிவந்த அப்பெட்டி முதலில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்றையே காட்டிற்று, மறு ஆண்டிலேயே போட்டியாளரான அமேசானின் படங்களையும் ஏற்றுக்கொண்டது.

ஹேஸ்டிங்ஸ் அஞ்சியது பிறரிடையே பலித்தது. கூகிள் 2013-இல் குரோம்காஸ்டையும், அமேசான் 2014-இல் ஃபயர் டிவியையும் கொணர்ந்தன. 2015-இல் அமேசான் தன் கடையில் குரோம்காஸ்டை விற்பதை நிறுத்திற்று. கூகிள், 2017 டிசம்பரில், ஃபயர் டிவியிலிருந்து யூடியூபை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள், உலாவியின் வழியே சுற்றிச் சென்று யூடியூபைக் காண நேர்ந்தது. யானைகள் பொருதினால் புல்லுக்கல்லவா சேதம்! 2019 ஜூலையில்தான் சமரசம் முடிவுற்றது.

ஆதலின் பெட்டி தேர்வோர் படத்தின் துல்லியத்தையும் நினைவகத்தின் அளவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டார் அன்றாடம் காணும் தமிழ்ச் சேவைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் அதில் திறக்கிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்வது நலம். சந்தா வேறு, பெட்டியின் விலை வேறு என்பதும் நினைவிருக்கட்டும். அண்மையில் வாங்கிய தொலைக்காட்சியாயின் இவ்வசதி அதனுள்ளேயே இருக்கக்கூடும்; அங்ஙனமாயின் தனிப்பெட்டி வீண் செலவு.

பழைய பெட்டியை மலிவாக வாங்குவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். 2025 மார்ச் மாதத்தில், 2015-ஆம் ஆண்டு மாதிரிக் குரோம்காஸ்டுகள் உலகெங்கும் திடீரென முடங்கின. கருவியில் பழுதேதுமில்லை, அதனுள் பொதிந்திருந்த பத்தாண்டுத் தவணைச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. கூகிள் சில நாட்களில் திருத்தம் அனுப்பிய பிறகே அவை மீண்டும் இயங்கின.