பொலி

செயற்கைத் தெரிவு என்றதும் பலருக்குச் சினை ஊசிதான் நினைவுக்கு வருகிறது. ஊசி வெறும் கருவி. தெரிவு அதற்கு முந்தியது: புளியங்குளம் போன்ற வன்னி ஊர்களில் நல்ல நாம்பனைப் பொலிகாளையாக விட்டு, மற்றவற்றுக்கு நலமடிப்பார்களே, அதுதான்.

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்தில் தூற்றிய நெற்குவியலும் பொலி. சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். நெல், காசு, கன்று எல்லாவற்றின் பெருக்கத்துக்கும் ஒரே வேர். எவ்வளவு அழகு!

எல்லாப் பெருக்கமும் மனிதர் தெரிந்து செய்வதல்ல. வறட்சியும் உண்ணியும் நலிந்தவற்றைக் கழித்தது போக எஞ்சிய உறுதி நாட்டு மாட்டினுடையது. அது பெரும்பாலும் இயற்கையின் வேலை. பாலுக்காக மனிதர் பார்த்துப் பெருக்கியது ஜேர்சி. டார்வினும் 1859இல் வெளியான நூலில் வளர்ப்பு விலங்குகளிலிருந்தே தொடங்கினார். இயற்கை எதையும் பார்த்துத் தெரிவதில்லை. ‘இயற்கைத் தெரிவு’ என்பதில் ‘தெரிவு’ உருவகம். மனிதர் செய்வதற்குப் ‘பொலித்தெரிவு’ என்பதே பொருத்தம். கிடாரிக்கும் அது செல்லும்.