புரோஸ்டேட் புற்றுநோய்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய். 2012–2016 மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களிடையே பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அடுத்த இடம் இதற்கே.

எல்லா புரோஸ்டேட் புற்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. திசுப் பரிசோதனையில் கிளீசன் மதிப்பெண் 6 என்றால் மெதுவானது; 8 அல்லது அதற்கு மேல் என்றால் வீரியமானது. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 பேரைப் பிரிட்டனில் 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலும் சுமார் 97 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்கவில்லை. ஆகவே, பெயரைக் கேட்டதும் ஆடிப்போக வேண்டியதில்லை. எலும்புக்குப் பரவிய நோய்க்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது பெரும்பாலும் வயதினால் இச்சுரப்பியில் வரும் சாதாரண வீக்கத்தால்தான். புரோஸ்டேட் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவு அந்த வீக்கத்திலும், கிருமித்தொற்றிலும்கூட உயரும். புற்றோ தொடக்கத்தில் அறிகுறியே காட்டாமலிருக்கலாம். தந்தைக்கோ சகோதரருக்கோ இருந்திருந்தால் 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. அதனாலேயே, அறுபதைக் கடந்தவரின் ஓயாத இடுப்புவலியை அசதி என்று தள்ளிவிடக் கூடாது; அது எலும்புக்குப் பரவிய புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அரசாங்கக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை உண்டு. வாரக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும் என்பதால், பயணத்துக்கும் துணைக்கும் குடும்பம் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.