தப்பட்டை காய்ச்சும் நேரம்

அமெரிக்காவில் டிரம் கோர் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. நூறு பேருக்கு மேல் பித்தளைக் குழல்களும் டிரம்களுமாகக் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன் களத்திலேயே நின்று கொஞ்ச நேரம் வாசித்துச் சுதி பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வீடியோ பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்க பக்கத்து மாரியம்மன் நோம்பிதான்.

பங்குனியில் கம்பம் நட்டிருப்பார்கள். ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம். அதற்கு வெகு முன்பே, கோயிலை விட்டுத் தள்ளி ஒரு மூலையில், சோளத்தட்டையும் வைக்கோலையும் பற்ற வைத்து நாலைந்து பேர் தப்பட்டை காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். வார்ம் அப் என்ற வார்த்தைக்கு இதைவிட நேரான பொருள் வேறு இல்லை.

விஷயம் எளிமையானது. தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தளரும், சத்தம் 'தொப்' என்று விழும். தீயில் காட்டினால் ஈரம் போய் இறுகும், 'டண்' என்று கேட்கும். தப்பட்டையில் முறுக்கி இறுக்க திருகாணி கிடையாது. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல், அவ்வளவுதான். தீ மட்டும்தான் அதற்குச் சுதிக்கட்டை. கொஞ்சம் அசந்தால் தோல் கருகும், இல்லையென்றால் கிழியும். அதனால் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டி, பக்கத்து ஆளின் தப்பட்டையோடு ஒப்பிட்டு, மறுபடியும் காட்டுவார்கள். பங்குனி வெயிலில் ஒரு தடவை காய்ச்சினால் வெகுநேரம் தாங்கும். ஆடிச் சாரலில் நடுநடுவே தீயைத் தேடி ஓட வேண்டும்.

முரசைத் தயார் செய்வது ஒரு காலத்தில் அரண்மனைச் சடங்கு. புறநானூற்றின் 50ஆம் பாட்டில் வரும் சம்பவம் பலருக்குத் தெரியும். போர் முரசை நீராட்டக் கொண்டு போயிருக்கிறார்கள். காலியாகக் கிடந்த முரசு கட்டிலில், தெரியாமல் படுத்துத் தூங்கிவிடுகிறார் மோசிகீரனார். வெட்டியிருக்க வேண்டிய தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, விசிறி வீசுகிறான். கரூரை ஆண்ட இரும்பொறைகள் நம்ம கொங்கோடு தொடர்புள்ள சேரர்கள்தான். புலவரைப் போற்றிய கதையாகவே இதை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கிறது. பூப் பரப்பிய மெத்தை, ஒரு தோல் கருவிக்கு!

அதே மண்ணில், அதே தோலைத் தொட்டதற்காகவே வாசிப்பவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள். கொங்கில் தப்பட்டை அடிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். சாவுக்கு அடிப்பது சாதிக் கடமையாக இருந்தது. மறுத்தால் ஊர் சும்மா விடாது. பிற்பாடு தமிழ்நாட்டில் பல ஊர்களில் "இனி அடிக்க மாட்டோம்" என்று தப்பட்டையைக் கீழே வைத்ததும், அதே கருவியைக் கலையாக மேடைக்கு ஏற்றியதும் ஒரே கோபத்தின் இரண்டு முகங்கள். 2025ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு பக்கம் தீயே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. மேற்கேயும் ஒரு காலத்தில் கன்றுத்தோல்தான், மழை வந்தால் அவர்களுக்கும் இதே பாடுதான். 1957ல் ரெமோ பெல்லி பாலியஸ்டர் தோலோடு கம்பெனி தொடங்கிய பிறகு அந்தக் கவலை போயிற்று. இங்கேயும் இப்போது ஃபைபர் வந்துவிட்டது. போல்ட் முறுக்கினால் போதும், மழையிலும் அடிக்கலாம். வாசித்துப் பிழைப்பவருக்கு அது பெரிய நிம்மதி. தோல் சத்தம் வராதே என்று நாம் வருத்தப்படுவது சொகுசு.

சின்ன வயசில் அந்தத் தீப் பக்கம் நான் போனால் அம்மா கூப்பிட்டுவிடுவார். "அங்கெல்லாம் போகாத கண்ணு." தீ சுட்டுவிடும் என்பதற்காக என்று ரொம்ப நாள் நம்பினேன்.

போன மாதம் ஒரு வாரக்கடைசி வகுப்பில் ஆசான் என் கையில் ஒரு தோல் தப்பட்டையைக் கொடுத்தார். தீயில் நேராகப் பிடித்தேன். "அப்படி இல்லீங்க, ஓரத்துல இருந்து கொண்டாங்க. நடுவுல கடைசியாத்தான் காட்டோணும்" என்றார். தட்டிப் பார்த்தேன். 'தொப்' என்றது. "இன்னும் ரெண்டு சுத்துங்க."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.