தப்பும் மணிக்கூடும்: சபரகமுவத் தோட்டங்களில் நேரத்தின் வரலாறு

பழைய மணிக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பதும், பழுது நீக்கி அவற்றை மீண்டும் ஓடச்செய்வதும் ஓய்வும் வசதியும் உடையோரின் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. வரலாற்று மாணவனுக்கோ அவை பொழுதுபோக்குப் பொருள்கள் மட்டுமல்ல. ஒரு மணிக்கூடு எங்கே தொங்கியது, அதற்குச் சாவி கொடுத்தவர் யார், அதன் முட்களைத் திருப்பும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்களை எழுப்பும்போது, அது ஒரு சமுதாயத்தின் அதிகார அமைப்பைக் காட்டும் ஆவணமாகி விடுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை என்றே கூறவேண்டும். தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியுரிமை, வீட்டு வசதி ஆகியவை பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவர்களுடைய நேரத்தைப் பற்றிய ஆய்வுகளோ மிகச் சிலவே.

மேனாட்டு மணிக்கூடு வருவதற்கு முன்னர் இப்பிரதேசம் நேரக்கணக்கு அறியாத நாடாக இருந்தது என எண்ணுவது தவறாகும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் அரசனிடம் இருந்த ஒரு நேரக்கருவியை விவரிக்கின்றார். அடியில் நுண்ணிய துளையிட்ட ஒரு செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த மட்பாண்டத்தில் மிதக்கவிடுவர். துளைவழியே நீர் ஏறி அது அமிழ்ந்ததும் ஒரு 'பைய' கழிந்ததாகக் கொள்வர். பகலுக்கு முப்பது பைய, இரவுக்கு முப்பது பைய. இதே அளவைத் தமிழர் நாழிகை என்றனர். அறுபது நாழிகை கொண்டது ஒரு நாள். ஆகவே ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். நீர்க்கடிகையால் பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போரைச் சங்க இலக்கியமாகிய முல்லைப்பாட்டே குறிப்பிடுகின்றது. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த கூலியாளும், மலையடிவாரச் சிங்களக் கிராமத்து உழவனும் வேறு வேறு பெயரால் ஒரே அளவையையே அறிந்திருந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவ்விருவருக்கும் அந்நியமாக வந்தது துரையின் மணிக்கூடே.

கோப்பிப் பயிர்ச்செய்கை 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயினால் அழிந்து, தேயிலையும் பின்னர் இறப்பரும் அதனிடத்தைப் பெற்றன. 1889இல் சபரகமுவ தனி மாகாணமாக்கப்பட்ட காலத்தில் இம்மாற்றம் முழுவீச்சில் நடைபெற்றுக் கொண்டிருந்தது. அக்காலத்துத் தோட்டத்தில் விடியலை அறிவித்தது மணிக்கூடு அன்று, தப்பொலியும் கொம்பொலியுமே. இருள் பிரியுமுன் லயங்களுக்கு அருகே தப்படிக்கப்படும். அது கேட்டு எழுந்த ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பர். அங்கே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆட்களை எண்ணி, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிப்பர். 'பிரட்டு' என்னும் சொல் படையணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். அச்சொல் எதனைச் சுட்டுகின்றது என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. இங்கிலாந்தில் கோடைக்கும் மாரிக்கும் இடையே பகற்பொழுது எட்டு மணியிலிருந்து பதினாறு மணிவரை நீண்டு குறுகும். ஆதலால் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்துக்கு வேலை தொடங்க வேண்டுமாயின் அங்கே மணிக்கூடு இன்றியமையாதது. சபரகமுவவோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே உள்ளது. இன்றைய நியம நேரப்படி மே மாத இறுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவும், சனவரி இறுதியில் ஆறரை மணியை ஒட்டியும் சூரியன் உதிக்கின்றது. ஆண்டு முழுவதிலும் உள்ள வேறுபாடு அரைமணித்தியாலம் அளவே. இத்தகைய நாட்டில் பொழுதை அறியச் சேவலும் சூரியனுமே போதும். அப்படியாயின் தோட்டத்து மணிக்கூடு எதற்கு?

அது பொழுதை அறிவதற்கு அன்று, கணக்கை முடிப்பதற்கே தேவைப்பட்டது. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்பது பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி உண்டு. பிந்தி வந்தவனுக்கும், குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கும் 'அரைப்பேர்' விழும். முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் இடையிலுள்ள கோட்டைச் சூரியனைக் காட்டி வரைய முடியாது. மப்பும் மந்தாரமும் மலைமுகட்டுப் பனியும் நிறைந்த நாட்டில் சூரியன் பற்றி வாதம் புரியலாம். துரையின் மணிக்கூட்டைப் பற்றி வாதம் புரிய முடியாது. லயத்தில் வேறொரு மணிக்கூடு இல்லாதவரை அது சொன்னதே நேரம். மேலும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் வேலைக்கு வராமையையும் வேலையை விட்டு நீங்குதலையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியிருந்தது. நேரம் தவறுதல் என்பது இவ்வாறு ஒழுக்கக்கேடு என்ற நிலையையும் கடந்து குற்றத்தின் எல்லையைத் தொட்டது.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இங்கிலாந்தின் தொழிற்சாலை முதலாளிகள் சிலர் காலையில் மணிக்கூட்டை முன்னோக்கியும் மாலையில் பின்னோக்கியும் திருப்பிய செய்திகளை எடுத்துக்காட்டினார். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 'தோட்ட நேரம்' என ஒன்று, இந்திய நியம நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக, வெளிப்படையாகவே வழங்கி வந்துள்ளது. நேரம் என்பது இயற்கை தந்த பொருளன்று, நிருவாகம் தரும் பொருள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இலங்கையில் இந்நிருவாக நேரத்துக்குச் சட்டம் முதன்முதலில் எல்லை வகுத்தது 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலி (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச்சட்டத்தின் மூலமே. நண்பகல் உணவுக்கான நேரம் உட்பட ஒன்பது மணித்தியாலம் ஒரு நாள் வேலை என அது வரையறுத்தது. அதுவரை விடியலிலிருந்து அந்திவரை என நீண்ட நாளுக்கு அப்போதுதான் ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்ததும், மணிக்கூடு தொழிலாளிக்கும் ஒருவகைச் சான்றாகும் வாய்ப்பு ஏற்பட்டது. அவனுக்கென ஒரு மணிக்கூடு இருந்தாலன்றோ அவ்வாய்ப்புப் பயன்படும் என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே.

மணிக்கூட்டின் இயக்கத்தையும் சற்று நோக்குதல் வேண்டும். ஊசல் மணிக்கூட்டின் வேகம் ஊசலின் நீளத்தையும் புவியீர்ப்பையும் பொறுத்தது. 1672இல் தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் ரிஷே, பரிசில் சரியாக ஓடிய தமது மணிக்கூடு அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டு வியந்தார். நிலநடுக்கோட்டை நெருங்க ஈர்ப்பு குறைகின்றது என்பது காரணம். இலண்டனில் சீர்செய்யப்பட்டு நேரே இரத்தினபுரிக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் ஊசல் மணிக்கூடும் அவ்வாறே நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். வெப்பமும் தன் பங்கைச் செய்யும். உருக்குத் தண்டுள்ள ஊசல் பத்துப் பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து செக்கன் பிந்தும். ஊசற்குண்டின் கீழுள்ள சிறு திருகாணியைத் திருப்பிக் குண்டை மேலேற்றினால் இவையெல்லாம் சரியாகிவிடும். ஆயின் எதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது? தோட்டம் காட்டின் நடுவே தனித்து இருந்தவரை இவ்வினாவுக்கு விடையில்லை.

விடையைக் கொண்டுவந்தது இரயில்பாதை. கண்டிப் பாதை கேகாலை மாவட்டத்தின் றம்புக்கனை ஊடாக 1867இல் நிறைவெய்தியது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டியாந்தோட்டை வரையும், 1912இல் இரத்தினபுரி வரையும், 1919இல் ஒபநாயக்க வரையும் நீண்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச்செல்ல வந்த வண்டி கொழும்பின் நேரத்தையும் கூடவே ஏற்றிவந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக ஓடும் வண்டிகளுக்கு ஒரே நேரம் உயிர்நாடியன்றோ! கொழும்பிலோ 1857இல் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் ஏற்கெனவே நகர மக்களுக்கு நேரம் காட்டி வந்தது. 1906இல் இலங்கை, கிரினிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நியம நேரத்தை ஏற்றது. அதுவரை வழங்கிய நேரம் ஐந்து மணி 19 நிமிடம் 32 செக்கன் முந்தியது. ஆகவே தீவின் மணிக்கூடுகள் அனைத்தும் பத்தரை நிமிடத்தளவு முன்னே தள்ளப்பட்டன. பிரட்டு ஆறு மணிக்கு என்று வகுத்திருந்த தோட்டம் அவ்விதியை மாற்றாதிருந்தால், அங்குள்ள தொழிலாளர் சூரியக் கணக்கில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்திருக்க வேண்டும். உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரையும், மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996இலும் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் வரை முன்தள்ளப்பட்டபோது இவ்வேறுபாடு மேலும் பெரிதாயிற்று; மணிக்கூட்டின் ஆறு மணி என்பது பழைய ஐந்து மணியின் இருளாக இருந்தது. 2006 ஏப்பிரலிலேயே பழைய நியம நேரம் மீண்டது.

எல்லாத் தோட்டங்களிலும் மணிக்கூட்டின் ஆட்சி ஒரே தன்மையுடையதாக இருக்கவில்லை. தேயிலை ஆலையில் அது உண்மையாகவே தொழிற்கருவி. வாட்டிய கொழுந்தை உருட்டிய பின், அது நிறம் மாறிப் பதம்பெறும் நேரத்தை டீமேக்கர் கணித்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் சுவை கெடும். கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களிலோ மரமே மணிக்கூடு. விடியற்குளிரில் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். பட்டை மழையில் நனைந்தாற் பால்வெட்டு இல்லை. அங்கே துரையின் மணிக்கூடும் மரத்துக்குப் பணிந்தே ஓட வேண்டியிருந்தது.

பங்களாக்களிலும் கந்தோர்களிலும் ஆலைகளிலும் தொங்கியவை பெரும்பாலும் எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் சுவர் மணிக்கூடுகள். ஆங்கிலேய வட்டமுக மணிக்கூடுகளும், அமெரிக்காவின் அன்சோனியா, செத் தோமஸ் முதலியவையும், ஜேர்மனியின் யுங்கான்ஸ் தயாரிப்புகளும் குடியேற்ற நாடுகளின் சந்தைகளில் பரவலாக விற்கப்பட்டன. இவற்றுக்கு இப்பிரதேசம் உகந்த இடமன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஈரத்தினால் சுருள்வில் துருவேறி ஒருநாள் வெடித்து, பற்சக்கரத்தின் பற்களையும் உடைத்துவிடும். பேழையின் மெல்லிய மரத்தகடு பசைவிட்டுக் கழலும். எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக எண்ணெய் மாற்றப்படாத மணிக்கூட்டில் தூசு எண்ணெயோடு கலந்து அரைமாவாகி, உருக்கு அச்சு முனைகள் பித்தளைத் துளைகளைத் தேய்த்து நீள்வட்டமாக்கிவிடும். சக்கரங்கள் சாயும், ஊசல் நிற்கும்.

பழுதுபார்ப்போன் அத்துளைகளைச் சீராக அகழ்ந்து புதிய பித்தளைப் பூண் இறுக்கி, முன்னிருந்த மையத்திலேயே துளையிடுகின்றான். வேலை நுண்ணியது, மயிரிழை விலகினும் சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வா. ஆயின் வரலாற்று நோக்கில் இதனினும் முக்கியமான ஒரு செய்தி உண்டு. மணிக்கூட்டைத் திறந்து பழுது நீக்கியவர் தகட்டின் மறைவான பக்கத்தில் திகதியையும் தம் பெயரெழுத்தையும் கூரிய முனையாற் கீறிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தோட்டக் குறிப்புகளில் இடம்பெறாத கைவினைஞன் ஒருவன் தன் இருப்பைப் பதித்த ஒரேயிடம் அதுவாகவும் இருக்கலாம். பழம்பொருள் விற்பனைக்காகப் பித்தளையைப் பளபளவென்று தேய்ப்போர் அக்கீறல்களையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றனர். அமோனியா மிகுந்த திரவங்களில் நெடுநேரம் ஊறவைத்தால் பழைய பித்தளையே வெடிப்பதும் உண்டு. ஓடவேண்டும் என்பதற்காகப் பழைய பகுதிகளையெல்லாம் வீசிவிட்டுப் புதியன பூட்டப்பெற்ற மணிக்கூடு நேரத்தைச் சரியாகக் காட்டும். தன் வரலாற்றை மட்டும் காட்டாது. சேர்ப்போர் இதனை மனங்கொள்வது நன்று.

இனி, சேர்க்கப்படுபவை எவை என்பது ஒரு வினா. துரையின் மணிக்கூடு உறுதியான கட்டடத்தில் தொங்கியது. தோட்டம் கைமாறியபோது அதுவும் ஒரு சொத்தாகக் கைமாறக்கூடியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களும், 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றமையும் பங்களாக்களை விட்டுவைத்தன. லயத்து மக்களின் உடைமைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 1977இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும், 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர், லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியோரிற் பலர் வடக்கே வவுனியா முதலிய இடங்களுக்குச் சென்றனர். மிச்சம்பிடித்த காசில் வாங்கிய ஒரு சுவர் மணிக்கூடு எந்த லயத்திலேனும் தொங்கியிருந்தால், ஓடும்போது தூக்கிச்செல்லும் பொருளாக அது இருந்திராது. கைக்குழந்தை இருக்கும், அரிசி இருக்கும், குடியுரிமைக் கடதாசி இருக்கும். ஆதலின் இன்று சந்தைக்கு வரும் 'தோட்டத்துப் பழைய மணிக்கூடுகள்' என்பன பெரும்பாலும் ஆட்சி செலுத்தியோரின் நேரத்தையே நமக்குக் காட்டுகின்றன.

மறுபக்கத்தின் கருவிகள் தப்பும் கொம்பும் கொழுந்து மடுவத்துத் தராசும் செக்ரோலும் ஆகும். மாட்டுத்தோலும் மரவளையமும் கொண்ட தப்பைத் தீயிற் காய்ச்சியே சுருதி ஏற்றுவர். தோல் கிழிந்தால் மாற்றுவர். பல கைகளில் புதுப்பிக்கப்பட்டு வரும் அக்கருவிக்கு 'அசல்' என்று ஒன்று இல்லை. ஆகவே பழம்பொருட் சந்தையில் அதற்கு விலையும் இல்லை. சாதியிழிவைச் சுமத்தி அதனை ஒதுக்கிய நம்மவரின் பங்கும் இப்புறக்கணிப்பில் சிறிதன்று. கண்டி அந்தானையில் பழைய ஆலையொன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் தோட்ட முன்னோடிகளின் பொருள்களையும் பேணுகின்றது. கம்பளைக்கு அண்மையில் ஒரு பழைய லயத்தில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உழைத்தோர் கையாண்ட பொருள்களைச் சேர்த்து வருகின்றது. இரண்டும் மத்திய மாகாணத்தில் உள்ளவை. சபரகமுவவின் தோட்டங்களில் நேரம் அறிவித்த தப்புகளையும், பேரும் அரைப்பேரும் பதிந்த செக்ரோல்களையும், பின்தகட்டில் கீறல் அழியாத மணிக்கூடுகளையும் ஒருங்கே வைத்துப் பட்டியலிடும் பணி இனித்தான் தொடங்கப்பட வேண்டியுள்ளது. ஆறு மணிக்குப் பிரட்டில் நின்ற தலைமுறையினருள் அதனை நேரிற் கண்டு சொல்லக்கூடிய முதியோர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர்.